ஓடையும் நம் வாய்க்காலே

வயலும் வாய்க்காலும் சேர்ந்ததே கமம். வாய்க்காலைப் பேணாதவன் வயலை விதைத்துப் பயனில்லை என்பது கமக்காரர் எல்லோரும் அறிந்த உண்மை. போரினால், வெள்ளத்தினால், மண்சரிவினால் ஊரைவிட்டு எழுந்துவந்த எத்தனையோ கமக்காரக் குடும்பங்கள் இன்று நகரங்களின் ஓரங்களில் வாழ்கின்றன. வயல் கையைவிட்டுப் போயிற்று. ஆனால் நீரைப் பேணும் அறிவு கையைவிட்டுப் போகவில்லை. அந்த அறிவை நாம் இப்போது வாழும் இடத்தில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கொழும்பின் தெமட்டகொடை ஓடையை எடுத்துக்கொள்வோம். வேறிடங்களில் வாழ்வோர், தம் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஓடும் நீரை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம். தனியே வாசிப்பதைவிட ஐந்தாறு குடும்பங்கள் கூடியிருந்து வாசிப்பது நல்லது. முதலில் நிலைமையைப் பார்ப்போம். பின்னர் அதைப் பற்றிச் சிந்திப்போம். இறுதியில் செய்யவேண்டியதைத் தீர்மானிப்போம்.

1. பார்ப்போம்: இந்த நீர் எங்கே போகிறது?

தெமட்டகொடை கொழும்பு மாநகரின் கிழக்கு ஓரத்தில், கொலன்னாவையை அண்டி உள்ளது. இங்கே ஓடும் நீரைச் சிங்களத்தில் 'எல' என்கிறார்கள். நாம் ஓடை என்றும் கால்வாய் என்றும் சொல்கிறோம். இது தனித்த ஓடை அன்று. கொலன்னாவைச் சதுப்பு நிலம், கோட்டேப் பக்கத்துக் கால்வாய்கள், கிருலப்பனை, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்கள், ஒறுகொடவத்தைப் பக்கத்துச் சென் செபஸ்தியன் கால்வாய் ஆகிய யாவும் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட ஒரு வலை. இயற்கையான சதுப்பு நீரோட்டங்களும், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் காலங்களில் வெட்டியும் அகலித்தும் எடுத்த கால்வாய்களும் இதில் கலந்துள்ளன. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் இவ்வழிகளால் போய்வந்தன.

இந்த வலையிலிருந்து நீர் வெளியேறச் சில வாயில்களே உண்டு. வடக்கே களனி கங்கைக்கு ஒரு வாயில். முகத்துவாரத்தில் நிலத்தடிச் சுரங்கத்தின் வழியாகக் கடலுக்கு ஒரு வழி. தெற்கே வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலுக்கு இரு வழிகள். நிலம் கடல்மட்டத்தை ஒட்டியிருப்பதால் நீர் மிக மெதுவாகவே நகரும். வாய்க்காலில் வாட்டம் குறைந்தால் நீர் தேங்கும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. களனி கங்கை பெருகும்போது வடக்கு வாயிலைத் திறந்துவைத்தால் கங்கை நீர் நகருக்குள் புகும். மூடிவைத்தாலோ நகரில் பெய்த மழைநீர் உள்ளேயே நிற்கும். அந்த வேளையில் சதுப்பு நிலங்களும் ஓடைகளுமே அந்த நீரைத் தாங்கவேண்டும்.

1992 யூன் 4ஆந் திகதி கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. வன்னியில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்களவு அது. பாராளுமன்றத்தைச் சூழவும் நீர் நின்றது. 2010 நவம்பரில் மீண்டும் அவ்வாறே நிகழ்ந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகள் நாட்கணக்கில் நீருக்குள் கிடந்தன. ஒவ்வொரு முறையும் முதலில் வீடிழந்தவர்கள் தாழ்ந்த நிலத்தில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களே.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுதல் சரியாகாது. தாழ்நிலங்களையும் கால்வாய்களையும் கவனிக்க 1968இல் சட்டமியற்றிச் சபை ஒன்று அமைக்கப்பட்டது. அதுவே இன்று காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனமாக இயங்குகிறது. 1990களில் ஜப்பானியக் கடனுதவியுடன் கால்வாய்கள் அகலிக்கப்பட்டன. 2012இல் தொடங்கிய மற்றொரு பெருந்திட்டத்துக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. 2018 ஒக்டோபரில், உலகிலேயே முதன்முதலாக 'ஈரநில நகரம்' என்ற சிறப்பைப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. இத்தனைக்குப் பின்னரும் மழை பெய்த மறுநாள் ஓடைப் பாலத்தில் நின்று பார்த்தால் பொலித்தீனும் போத்தலும் மிதந்து வருகின்றன. இயந்திரத்தால் அள்ளலாம். ஆனால் தினந்தோறும் விழுவதைத் தடுக்க இயந்திரத்தால் முடியாது.

2. ஓடை ஏன் நோயுறுகிறது?

ஓடையைக் கெடுப்பவை நான்கு. அவற்றைத் தனித்தனியே அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, மலசலக் கழிவு நீர். கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்டவை. அவற்றுடன் இணைக்கப்படாத வீடுகளும் கடைகளும் தொழிலகங்களும் இன்றும் உண்டு. கழிவு நீரில் விழுந்ததும் அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை எடுத்துவிடுகின்றன. மீன் மூச்சுவிட முடியாமல் இறக்கிறது. ஒட்சிசன் முற்றாகத் தீர்ந்ததும் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. கூழ்முட்டை நாற்றம் அவற்றால் வருவதே. நாற்றம் வந்தால் நீரில் உயிர்மூச்சு இல்லை என்று கொள்ளலாம்.

இரண்டாவது, குப்பை. பொலித்தீன், பிளாஸ்ரிக் போத்தல், யோகட் கோப்பை, பழைய துணி, மெத்தை. இவை ஓடையில் விழுவதற்குச் சோம்பல் மட்டும் காரணம் அன்று. ஒடுங்கிய தோட்டங்களுக்குள் குப்பை வண்டி வராத இடங்களில், வீட்டில் வைக்க இடமில்லாத குடும்பம் என்ன செய்யும்? எனினும், ஓடைக்குள் போட்டது மறைந்துவிடுவதில்லை. பாலத்தின் கீழே, மதகின் வாயிலே, கீழ்க்கரையில் வாழும் இன்னொருவரின் வாசலிலே போய் நிற்கிறது.

மூன்றாவது, நிலம் நிரப்புதல். சதுப்பு நிலம் பயனற்ற நிலம் என்று எண்ணி மண்ணும் இடிபாடும் கொட்டி நிரப்புகிறார்கள். குளத்துக்குள் மண்ணைக் கொட்டினால் குளம் கொள்ளும் நீர் குறையும். இங்கும் அதே கணக்குத்தான். கொள்ள இடமில்லாத நீர் வீட்டுக்குள் வரும்.

நான்காவது, நீர்க்களைகள். ஆகாயத்தாமரையை ஒழிக்க 1909இலேயே இலங்கையில் சட்டம் வந்தது. வயல்காரருக்குப் பழக்கமான சல்வீனியா 1939இல் ஆராய்ச்சிக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. உரம் மிஞ்சிய வயலில் களை மிஞ்சும். கழிவு மிஞ்சிய ஓடையிலும் அப்படியே. களையை மட்டும் அள்ளிவிட்டுக் கழிவை விட்டுவைத்தால் சில கிழமைகளில் களை திரும்பிவரும்.

நுளம்பைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். டெங்கு நுளம்பு ஓடும் சாக்கடையில் முட்டையிடுவது அரிது. கரையில் எறியப்பட்ட ரயர், சிரட்டை, கோப்பை ஆகியவற்றில் தேங்கும் மழைநீரே அதற்குப் பிடித்த இடம். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதியப்பட்டனர். அழுக்கு நீரில் பெருகுவது வேறு வகை நுளம்பு. யானைக்கால் நோயைப் பரப்பியது அதுவே. பல்லாண்டு முயற்சிக்குப்பின் 2016இல் இலங்கை அந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆகவே கரையைத் துப்புரவாக்குவது டெங்கைத் தடுக்கும். நீரைத் துப்புரவாக்குவது மற்ற நோய்களைத் தடுக்கும். இரண்டும் வேண்டும்.

குப்பை எங்கே போகிறது என்று கேளாதிருப்பதன் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2017 ஏப்பிரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, தெமட்டகொடைக்கு அப்பால் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கு மேற்பட்டோர் இறந்தனர். அது நகரம் முழுவதன் குப்பை. இறந்தவர்களோ அதன் அடியில் வாழ்ந்தவர்கள். அதன்பின் கொழும்பின் குப்பை வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. புத்தளத்தின் அருவக்காலுவில் குப்பை புதைக்கும் திட்டத்தை அவ்வூரார் எதிர்த்து நின்றார்கள். தம் வாசலில் வேண்டாம் என்பதை இன்னொருவர் வாசலில் கொட்டுவது தீர்வாகாது.

3. சிந்திப்போம்: குளத்திலிருந்து ஒரு பாடம்

நீரைப் பேணுவது யார் பொறுப்பு என்ற கேள்வி இந்நாட்டில் புதிதல்ல. மன்னராட்சிக் காலத்தில் குளக்கட்டையும் வாய்க்காலையும் பேணுவது குடிகளின் கட்டாய ஊழியத்தில் ஒரு பகுதி. இராசகாரியம் என்பது அதன் பெயர். அது மனிதரை வருத்திய முறை. ஆங்கிலேயர் 1832இல் அதை ஒழித்தனர். ஒழித்தது நன்று. ஆனால் அதன் இடத்தில் வேறு ஒழுங்கு எதையும் வைக்கவில்லை. கட்டுகள் உடைந்தன, மதகுகள் தூர்ந்தன, கேட்பாரில்லை. இறுதியில் 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து, ஊரவர் கூடித் தம் வழக்கப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வழிசெய்தனர். வயல் விதானைமார் அதை மேற்பார்வை செய்தனர். மட்டக்களப்பில் வட்டவிதானை என்று சொல்வது இவர்களையே. 1958இன் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று கமக்காரர் அமைப்புகள் அவ்வேலையைச் செய்கின்றன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? கட்டாயத்தால் செய்விக்கும் வேலை அநீதி. எவருக்கும் பொறுப்பில்லாமல் விட்ட வேலையோ நடவாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மனமுவந்து கூடி, ஒழுங்குவைத்துச் செய்யும் வேலையே அது. காலபோக விதைப்புக்கு முன் ஊர் கூடி வாய்க்கால் வெட்டும்போது எவ்வாறு செய்தோம்? திகதி குறித்தோம். யாருக்கு எத்தனை பாகம் என்று அளந்து கொடுத்தோம். வராதவன் வீட்டில் விசாரித்தோம். தலைவாய்க்காலில் உள்ளவன் தன் பங்கைத் தூர்த்துவைத்தால் கடைசி வயல்காரன் காய்ந்துபோவான் என்பதை அறிந்திருந்தோம். நகரத்து ஓடையில் அது தலைகீழாக நடக்கிறது: மேற்கரையில் உள்ளவன் கொட்டினால் கீழ்க்கரையில் உள்ளவன் மூழ்குகிறான். எங்கும் நியாயம் ஒன்றே.

'இது எம் ஊரா? நாளை நாம் எங்கே இருப்போமோ?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பலமுறை இடம்பெயர்ந்தவருக்கு ஓரிடத்தில் வேர்விட மனம் அஞ்சும். ஆனால் பிள்ளைகள் வளர்வது இங்கே. காய்ச்சல் வருவதும் வெள்ளம் வருவதும் இங்கே. சொந்த ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுக்காமலே, இருக்கும் இடத்தின் நீரையும் பேணலாம். ஒன்று மற்றதற்குத் தடையன்று.

4. சிரமதானம்: அதன் பலமும் எல்லையும்

மனமுவந்த கூட்டு உழைப்பைச் சிரமதானம் என்று இந்நாட்டு மக்கள் எல்லோரும் அறிவர். அச்சொல்லை ஊரூராகக் கொண்டுசென்றவர் ஏ. ரீ. ஆரியரட்ன. தெமட்டகொடைக்கு அண்மையிலுள்ள நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1958இல், மாணவரையும் ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு, ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொளுவக் கிராமத்துக்குச் சென்று அவர்களோடு சேர்ந்து உழைத்தார். அதிலிருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அவர் 2024 ஏப்பிரலில் காலமானார். அந்த முதல் முகாமில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள் ஊராருக்காக வேலை செய்துவிட்டுப் போகவில்லை. ஊராரோடு இருந்து, அவர்களின் தேவையைக் கேட்டு, ஒன்றாகச் செய்தார்கள்.

அயல்நாட்டிலும் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், பம்பையையும் அச்சன்கோவிலாற்றையும் இணைக்கும் குட்டம்பேரூர் ஆறு 12 கிலோமீற்றர் நீளமானது. மணல் அகழ்வாலும் கழிவாலும் களையாலும் அது நின்றுபோயிற்று. 2017இல் புதனூர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 700 பேர், பெரும்பாலும் பெண்கள், 70 நாட்கள் இறங்கி வேலைசெய்து அதை மீண்டும் ஓடவைத்தனர். அவர்களுக்கு அரசின் வேலையுறுதித் திட்டத்தின் கீழ் கூலி வழங்கப்பட்டது. ஏழைகளின் உழைப்புக்குக் கூலி கொடுப்பதில் குறையொன்றும் இல்லை. தொண்டு என்ற பெயரால் நாட்கூலிக் குடும்பத்தின் ஒருநாள் வருமானத்தைப் பறிப்பதே குறை.

பஞ்சாபில் காளி பெயின் என்ற ஓடை 160 கிலோமீற்றர் நீளமானது. சீக்கியரின் குரு நானக்கின் வாழ்வோடு தொடர்புடைய புனித நீர் அது. எனினும் பல ஊர்களின் சாக்கடை அதில் விழுந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்ற துறவி தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு களையை அள்ளத் தொடங்கினார். அள்ளிய பின்னரும் சாக்கடை விழுந்துகொண்டே இருந்தது. ஆகவே ஊர் ஊராகச் சென்று, கழிவுநீரைக் குட்டைகளில் தேக்கி, தெளியவைத்து, வயலுக்குப் பாய்ச்சும் வழியைக் காட்டினார்கள். ஓடைக்குத் தீங்கானது வயலுக்கு உதவியது. வேலை ஒரு நாளில் முடியவில்லை. பல ஆண்டுகள் சென்றன.

இச்சான்றுகள் ஒன்றையே சொல்கின்றன. அள்ளுவது தொடக்கம். விழாமல் தடுப்பதே காப்பது. ஞாயிறு ஒரு நாள் கூடி அள்ளி, படம் பிடித்து, தேநீர் குடித்துக் கலைந்தால், அடுத்த மழையோடு எல்லாம் முன்போலாகும்.

5. ஓடைக்கரைக் குடும்பங்களின் அச்சம்

பேசத் தயங்கும் ஒன்றையும் நாம் வெளிப்படையாகப் பேசவேண்டும். 'ஓடையைத் துப்புரவாக்க வருகிறோம்' என்றால் கரையில் வாழும் குடும்பம் மகிழாது, அஞ்சும். அதற்குக் காரணம் உண்டு. 1990களில் கால்வாய்களை அகலித்தபோது கரையிலிருந்த பல குடும்பங்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கொழும்பின் 60,000க்கு மேற்பட்ட குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டம் வகுக்கப்பட்டது. தெமட்டகொடையின் மிஹிந்துசென்புர அவ்வாறு எழுந்த குடியிருப்புகளுள் ஒன்று. வெள்ளத்துக்கு அஞ்சாத வீடு கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. தவணைப் பணம், பழுதாகும் மின்தூக்கி, இழந்த பிழைப்பு ஆகியவற்றால் வருந்தியவர்களும் உண்டு.

சிங்கப்பூர் ஆற்றின் துப்புரவு உலகெங்கும் புகழப்படுவது. 1977இல் தொடங்கிய அவ்வேலை பத்தாண்டுகளில் முடிந்தது. கரையிலிருந்த குடிசைகள், பன்றி வாத்துப் பண்ணைகள், படகுத் தொழில்கள், தெருக்கடைகள் யாவும் அகற்றப்பட்டன. அங்கே மாற்று வீடுகளும் கடைத்தொகுதிகளும் அரசால் கட்டிக் கொடுக்கப்பட்டன. மாற்று ஒன்றும் இல்லாமல் அகற்றுவதை மட்டும் கற்றுக்கொள்வது அரைப்பாடம்.

ஆகவே தெமட்டகொடையிலோ வேறெங்கோ ஓடைக்குழு அமைப்போர் இதைத் தெளிவாகக் கொள்ளவேண்டும். கரையில் வாழ்பவர் குற்றவாளி அல்லர். மலசலகூட வசதியும் குப்பை வண்டியும் எட்டாத இடத்தில் விடப்பட்டவர் அவர். மேல்மாடி வீட்டின் குழாயும் உணவகத்தின் எண்ணெயும் அதே ஓடையில்தான் விழுகின்றன. அவை மூடிய குழாய்க்குள் வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரைக் குடும்பங்கள் குழுவின் நடுவில் இருக்கவேண்டும். அவர்கள் தாமே ஓடையைப் பேணி, அதைத் திகதியோடு எழுதிவைத்தால், நாளை ஒரு கூட்டத்தில் 'இவர்களால்தான் ஓடை கெட்டது' என்று எவரும் சொல்லும்போது காட்டுவதற்கு ஒரு கொப்பி இருக்கும். காணி உரிமையை அந்தக் கொப்பி தராது. ஆனால் பேச அழைக்கப்படாதவர்களுக்குப் பேசும் தகுதியைத் தரும்.

6. செயற்படுவோம்

வேலைக்கு முன்:

அ) ஓடையின் முழு நீளத்தையும் பிடிக்கவேண்டாம். ஒரு பாலத்திலிருந்து அடுத்த வளைவு வரை, ஏறத்தாழ 200 மீற்றர் போதும். இருவர் மூவராகக் கரையால் நடந்து, எங்கே குப்பை விழுகிறது, எங்கே குழாய் வந்து விழுகிறது, எங்கே கரை இடிகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

ஆ) ஏழு பேர்வரை கொண்ட குழு அமையுங்கள். தெமட்டகொடையில் முஸ்லிம், சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்கின்றன. குழுவிலும் அவ்வாறே இருக்கட்டும். பெண்கள் பாதிப்பேராவது இருக்கவேண்டும். வீட்டுக் குப்பையையும் நீரையும் நாளாந்தம் கையாள்பவர்கள் அவர்களே. அறிவித்தலைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதுங்கள். வட்டவிதானையைப் போல் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள்.

இ) கிராம உத்தியோகத்தருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், மாநகர சபை அல்லது நகர சபைக்கும், கால்வாயைப் பராமரிக்கும் கூட்டுத்தாபனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அள்ளும் குப்பையை ஏற்றிச்செல்ல வாகனம் வருவது உறுதியான பின்னரே திகதி குறியுங்கள். கரையில் குவித்துவைத்த குப்பை அடுத்த மழைக்குத் திரும்ப ஓடைக்குள் போகும்.

ஈ) காலத்தைப் பாருங்கள். கொழும்பில் பெருமழை பெய்வது மே, யூன் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும். ஆகவே மாசியிலோ பங்குனியிலோ ஒரு முறையும், ஆவணியில் ஒரு முறையும் பெரிய வேலை செய்யலாம். விதைப்புக்கு முன் வாய்க்கால் வெட்டுவதுபோல, மழைக்கு முன் ஓடையைத் திருத்தவேண்டும்.

வேலை நாளில்:

உ) எலிக்காய்ச்சலைக் கமக்காரர் அறிவர். எலியின் சிறுநீர் கலந்த நீர் புண் வழியாக உடலுள் போவதால் வருவது அது. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாகினர் எனப் பதிவாகியது. வயலில் இறங்குவோருக்கு வழங்கும் தடுப்பு மருந்து பற்றிச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கையில் காலில் புண் உள்ளவர் நீரருகே போகவேண்டாம். முழங்கால்வரை சப்பாத்தும் தடித்த கையுறையும் அவசியம். பின்னர் காய்ச்சலும் தசைவலியும் கண்டால் ஓடையில் வேலைசெய்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஊ) நீருக்குள் இறங்கவேண்டாம். அடியில் கண்ணாடி, கம்பி, ஊசி கிடக்கும். சேறு ஆழமாக இருக்கும். தியவன்னாப் பக்கத்து நீர்நிலைகளில் முதலைகளும் உண்டு. நீண்ட தடியும் வாரியும் கொண்டு கரையிலிருந்தே இழுங்கள். ஓடையின் நடுவில் உள்ள களையை அள்ளுவது கூட்டுத்தாபனத்தின் இயந்திர வேலை. பிள்ளைகளுக்கு எழுதும் வேலையும் எண்ணும் வேலையும் கொடுங்கள்.

எ) அள்ளியதை எண்ணி எழுதுங்கள். எத்தனை சாக்கு, அதில் எது மிகுதி? மெல்லிய பொலித்தீன் பைக்கும் லஞ்ச் ஷீற்றுக்கும் 2017 செப்டெம்பரிலும், சிறிய சம்பூப் பக்கெற்றுகள் போன்றவற்றுக்கு 2021 மார்ச்சிலும் தடை வந்தது. அவை இன்னும் உங்கள் சாக்கில் இருந்தால், தோட்டத்துக் கடைக்காரரோடு பேசவேண்டிய விடயம் அது.

வேலைக்குப் பின்:

ஏ) மாதம் ஒரு முறை ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் தவறக்கூடாது. பாகம் பிரித்து, முறை வைத்துச் செய்யுங்கள்.

ஐ) சமையற் கழிவைத் தனியே எடுத்துத் துளையிட்ட பீப்பாவில் இட்டுப் பசளையாக்குங்கள். வீட்டுக் குப்பையில் பெரும் பங்கு அதுவே. அது போனால் மீதிக் குப்பை நாறாது. வண்டி வரும்வரை வைத்திருக்கலாம். சாக்கிலும் வாளியிலும் கீரை, மிளகாய், கத்தரி வைக்க அப்பசளை உதவும். கமக்காரரின் கை எங்கும் விளைவிக்கும். ஆனால் ஓடையில் தானாக வளரும் கங்குனைப் பறித்துச் சமைக்கவேண்டாம். சாக்கடை நீரின் நஞ்சும் கிருமியும் அதில் சேரும்.

ஒ) கரை இடியும் இடத்தில் வெட்டிவேர் போன்ற ஆழவேர்ப் புல்லை நடலாம். நடுவதற்கு முன் கூட்டுத்தாபனத்தைக் கேளுங்கள். இயந்திரம் வரும் வழியை மறித்தால் பின்னர் பிடுங்கப்படும்.

ஓ) சாக்கடைக் குழாய்கள் விழும் இடங்களையும், வண்டி வராத ஒழுங்கைகளையும் பட்டியலிட்டு மூன்று மாதத்துக்கொரு முறை சபைக்குக் கடிதம் கொடுங்கள். கழிவுநீர்க் குழாய் பதிப்பதும் மலசலகூடம் கட்டித் தருவதும் சதுப்பு நிலம் நிரப்புவதைத் தடுப்பதும் அரசின் கடமை. நாம் குப்பை அள்ளுவதால் அக்கடமை நீங்கிவிடாது. நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்கும்போது நம் குரலுக்குப் பலம் கூடும்.

7. குழுவாகக் கலந்துரையாட

1. எம் ஊரில் வாய்க்கால் வேலையை எவ்வாறு பங்கிட்டோம்? அந்த ஒழுங்கில் எதை இங்கே கொண்டுவரலாம்?

2. எம் வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் இன்று எங்கே போகின்றன? கடைசியில் யாருடைய வாசலில் நிற்கின்றன?

3. எம் அயலில் எந்தக் குடும்பங்கள் பொதுக் கூட்டங்களுக்கு அழைக்கப்படுவதில்லை? அவர்களை யார் போய் அழைப்பது?

4. நாமே செய்யக்கூடிய மூன்று வேலைகள் எவை? சபையிடம் கேட்கவேண்டிய மூன்று வேலைகள் எவை?

5. அடுத்த மழைக்கு முன் எந்த 200 மீற்றரை எடுத்துக்கொள்ளப் போகிறோம்? பொறுப்பு யாருக்கு?

ஐந்தாவது கேள்விக்குத் திகதியும் பெயரும் எழுதிய பின்னரே கூட்டத்தை முடியுங்கள். நீரைப் பேணும் வித்தையை நம் பிள்ளைகள் வயலில் நின்று கற்கும் வாய்ப்பு இப்போது இல்லை. ஓடைக்கரையிலாவது கற்கட்டும். ஊர் திரும்பும் நாளில் குளக்கட்டில் நிற்பதற்கும், திரும்ப முடியாவிட்டால் இந்த மண்ணில் தலைநிமிர்ந்து வாழ்வதற்கும் அது அவர்களுக்கு வேண்டும்.